தரங்கம்பாடியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை: கோலாலம்பூர்த் தமிழ் லுத்தரன் சபையின் தோற்றமும் வளர்ச்சியும்

கோலாலம்பூரில் தமிழில் சமய உரை ஒலிக்கும் மிகப் பழைய இடங்களுள் மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசலும் ஒன்று. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1863இல் எழுப்பிய பள்ளி அது. இன்று நாம் காணும் கட்டடம் 1960களைச் சேர்ந்தது. அந்தப் பள்ளியின் பெயரே தெருவுக்கும் வட்டாரத்துக்கும் ஆகி, கடைசியில் சேலைக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் முகவரியாகிவிட்டது. பத்து ஆண்டு கழித்து, 1873இல், மகா மாரியம்மன் கோயில் வந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்களின் சபைகள் இவ்விரண்டுக்கும் பிந்தியவை. அவற்றுள் பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் தேவாலயத்தின் கதை தனித்து ஆராயத் தக்கது. கோலாலம்பூரில் லுத்தரன் சபை 1907இல் அமைந்தது. ஜாலான் சுல்தான் அப்துல் சமாட்டில் உள்ள சீயோன் தேவாலயம் 1924இல் எழுந்தது. இன்று அது மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பேராலயம்.

காலனி நாடுகளின் சபை வரலாறு பெரும்பாலும் மிஷனரியின் வருகையிலிருந்துதான் எழுதப்படுகிறது. கப்பல் வந்தது, வெள்ளைக்காரப் போதகர் இறங்கினார், பள்ளிக்கூடம் கட்டினார், சபை உண்டாயிற்று என்று அந்த வரிசை போகும். மலாயாத் தமிழ் லுத்தரன்களுக்கு இது பொருந்தாது. இங்கே முதலில் வந்தவர்கள் விசுவாசிகள்: ரயில்வே வேலைக்கும் அலுவலக வேலைக்கும் தோட்ட வேலைக்கும் கடல் கடந்த சாதாரணத் தமிழர்கள். போதகரை அவர்கள் பிறகுதான் ஊரிலிருந்து பெற்றுக்கொண்டார்கள். கோலாலம்பூர்ச் சபையின் வரலாற்றை அந்த மக்களின் வேலை, மொழி, சொந்த ஊர் ஆகியவற்றின் வழியே படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. இப்படிப் படித்தால், இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் பாப்டிஸ்ட் சபை தமிழரிடையே ஏன் தாமதமாகவும் சிறிய அளவிலும் வந்தது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கிறது.

ஊரிலிருந்து வந்த எல்லைகள்

மலாயாவுக்குப் புறப்பட்ட தமிழ்க் கிறிஸ்தவர் யாரும் வெறும் ‘கிறிஸ்தவர்’ ஆகக் கப்பல் ஏறவில்லை. திருநெல்வேலிக்காரர் பெரும்பாலும் ஆங்கிலிக்கன் சபையினர். யாழ்ப்பாணத்தார் பலர் 1816இல் தொடங்கிய அமெரிக்க இலங்கை மிஷனில் படித்தவர்கள். கத்தோலிக்கர் எல்லா மாவட்டத்திலும் இருந்தார்கள். தஞ்சை, மாயவரம், பொறையார், தரங்கம்பாடிப் பகுதியில் வேரூன்றியது லுத்தரன் சபை. 1706 ஜூலை 9ஆம் தேதி மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து தொடங்கும் மரபு அது. 1840இல் ஜெர்மன் மிஷனரி கார்ல் கோர்டஸ் வந்த பிறகு இந்தச் சபைகள் படிப்படியாக லைப்சிக் மிஷனின் பொறுப்புக்கு வந்தன.

இதில் பூகோளமும் ஒரு காரணம். மலாயாவுக்குத் தமிழர் ஏறிய துறைமுகங்களில் முக்கியமானது நாகப்பட்டினம். அங்கிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் தரங்கம்பாடி. ஆக, லுத்தரன் கிராமங்களின் வாசலிலேயே பினாங்குக் கப்பல் நின்றது என்று சொல்லலாம். காவிரி வறண்டு விளைச்சல் குறைந்த ஆண்டுகளில் அந்தத் துறைமுகம் என்னவாகத் தோன்றியிருக்கும் என்பதை டெல்டாக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பாப்டிஸ்ட் மரபு தமிழ் நிலத்தில் அப்படிப் பரவவில்லை. வில்லியம் கேரி 1793இல் வங்காளம் வந்தார். மிஷனரிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பாத காலம். 1800இல் டேனிஷ் ஆட்சியிலிருந்த செராம்பூரில் அவருக்கு இடம் கிடைத்தது. தமிழ் லுத்தரன்களுக்குத் தரங்கம்பாடியும் வங்காள பாப்டிஸ்டுகளுக்குச் செராம்பூரும் அடைக்கலமானது ஒரே டேனிஷ் கொடியின் கீழ்தான். 1845இல் அந்த இரண்டு ஊர்களையும் சேர்த்தே 12 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு டென்மார்க் ஆங்கிலேயரிடம் விற்றது. ஆனால் பாப்டிஸ்ட் மிஷன் தென்னிந்தியாவில் ஆழமாக ஊன்றிய இடம் தெலுங்கு நாடு: நெல்லூர், ஓங்கோல். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றது ஓங்கோல் பகுதியில். இலங்கையில் ஜேம்ஸ் சேட்டர் 1812இல் தொடங்கிய பாப்டிஸ்ட் வேலையும் பெரும்பாலும் கொழும்பையும் சிங்களரையும் சார்ந்தது. எனவே மலாயாவுக்குப் போன தமிழர் கூட்டத்தில் பாப்டிஸ்டுகள் மிகச் சிலரே இருந்திருக்க முடியும். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ச் சபைகளைக் கூர்ந்து பார்த்தால், தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் மிஷன்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட எல்லைக்கோடுகள் கடல் கடந்து இங்கே விழுந்திருப்பது தெரியும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் மலாயாவில் சபை நடத்தவில்லை. அதனால் அங்கிருந்து வந்த கிராணிமாரும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் 1885இல் சிங்கப்பூரிலும் 1897இல் கோலாலம்பூரிலும் கால்பதித்த மெதடிஸ்ட் சபையில் பலராகச் சேர்ந்தார்கள். ஆங்கிலிக்கன் தமிழருக்குப் பாடாங் திடல் அருகே செயின்ட் மேரி ஆலயம் இருந்தது. கத்தோலிக்கத் தமிழருக்குப் புடுவில் புனித அந்தோணியார் ஆலயம் எழுந்தது. லுத்தரன்களுக்கு இப்படிப் போய் ஒதுங்க ஆயத்தமான கூரை எதுவும் இல்லை. மலாயாவில் ஆங்கில லுத்தரன் சபையோ அமெரிக்க லுத்தரன் சபையோ அன்று கிடையாது. வேறு சபையில் கரைந்துபோக வேண்டும், இல்லையேல் தாங்களே கூடிக்கொள்ள வேண்டும். அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். சீயோன் சபையின் தனித்தன்மை இந்தத் தேர்விலிருந்துதான் பிறக்கிறது என்று நான் கருதுகிறேன்.

செங்கல், தண்டவாளம், குவார்ட்டர்ஸ்

1881இல் கோலாலம்பூர் ஒரு தீயையும் ஒரு வெள்ளத்தையும் கண்டது. அத்தாப்பு வேய்ந்த மரவீடுகள் போயின. ரெசிடென்ட் ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் சொன்னார். நகரத்துக்குத் தெற்கே களிமண் கிடைத்த இடத்தில் சூளைகள் எரிந்தன. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் அப்படி வந்தது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றோரத்தையும் இணைத்து ரயில் ஓடத் தொடங்கியதும் சூளைப் பகுதி ரயில்வே ஊராக மாறியது. 1901இல் கூட்டு மலாய் மாநில ரயில்வே அமைந்தது. பட்டறைகள் செந்தூலுக்குப் போயின. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

ரயில்வே ஊழியர்களுக்காக 1905இல் கட்டப்பட்ட இரட்டை மாடி வரிசை வீடுகளை ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்பார்கள். 2010களில் அவை இடிக்கப்பட்டன. அந்தத் தெருக்களைச் சுற்றி எவ்வளவு குறுகிய இடத்துக்குள் எத்தனை வழிபாட்டுத் தலங்கள் உண்டாயின என்று பாருங்கள்: 1894இல் சிங்களப் பௌத்தர்களின் மகா விகாரை, 1904இல் விவேகானந்தா ஆசிரமம், அதே காலத்தில் இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசாமி கோயில், சீனக் கத்தோலிக்கரின் செபமாலை அன்னை ஆலயம், தமிழ் மெதடிஸ்ட் சபை, லுத்தரன் சபை. இது சமய நல்லிணக்கத்துக்குத் திட்டமிட்டு ஒதுக்கிய நிலமல்ல. ரயில்வே யாரையெல்லாம் வேலைக்கு எடுத்ததோ அவர்களெல்லாம் தத்தம் தெய்வத்தோடு வந்து சேர்ந்தார்கள்.

மஸ்ஜித் இந்தியாவோடு இதை ஒப்பிடுவது பயனுள்ளது. அங்கே சபையைத் தாங்கியது கடை. வணிகரின் கையில் மூலதனம் இருந்தது. கடைக்குப் பக்கத்திலேயே பள்ளி எழுந்தது. லாபத்தின் ஒரு பகுதி பள்ளிக்குப் போனது. பிரிக்பீல்ட்ஸில் சபையைத் தாங்கியது மாதச் சம்பளம். கிராணியும் பாயிண்ட்ஸ்மேனும் ஃபிட்டரும் மாதாமாதம் கொடுத்த சந்தாவில் வளர்ந்த சபை அது. சம்பளக்காரர் சபை மெதுவாகத்தான் கட்டடம் கட்டும். 1907இல் கூடிய சபைக்கு 1924இல்தான் சீயோன் தேவாலயம் எழுந்தது என்றால், இடையிலான 17 ஆண்டுகளை இந்தப் பொருளாதாரத்தோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். அந்த 17 ஆண்டுகளில் வேறொன்றும் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐயர் ஏன் தேவைப்பட்டார்?

லுத்தரன் குடும்பத்தில் குழந்தை பிறந்தால் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். அதற்கு ஞானப்பெற்றோர் நிற்க வேண்டும், ஐயர் (அபிஷேகம் பெற்ற போதகர்) வேண்டும். பிள்ளை வளர்ந்தால் ஞானோபதேசம் படித்துத் திடப்படுத்தல் பெற வேண்டும். அதன் பிறகே திருவிருந்து. கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். அடக்க ஆராதனைக்கும் ஐயர் வேண்டும். உபதேசியார் ஜெபம் நடத்தலாம், பாடம் சொல்லிக் கொடுக்கலாம். திருவிருந்து நடத்த அவரால் முடியாது. ஊரில் இதெல்லாம் தானாக நடந்த காரியம். கோலாலம்பூரில் ஒரு தலைமுறைக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு இது அவசரமாகிவிட்டது.

சாமான்யக் குடும்பத்தின் கண்ணோடு பார்த்தால் இதன் கனம் புரியும். ஊரை விட்டுப் புறப்படும்போது சபை ஐயர் எழுதித் தரும் கடிதம் ஒன்று பெட்டிக்குள் வரும்: இன்னார் இந்தச் சபையின் அங்கத்தினர், திருவிருந்துக்குத் தகுதியுள்ளவர் என்று. புதிய ஊரில் அந்தக் கடிதத்தைக் கொடுக்க ஒரு சபை இருந்தால்தான் அதற்கு மதிப்பு. பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், தேதி, ஐயரின் கையெழுத்து என்று ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வரி ஏறினால், ஊர்ச் சபையில் முடங்கிய குடும்ப வரலாறு இங்கே மறுபடி ஓடத் தொடங்கும். புலம்பெயர்ந்த தமிழரின் வரலாற்றை எழுத விரும்புவோர் கப்பல் பட்டியல்களைத் தேடும் அளவுக்குச் சபைப் பதிவேடுகளைத் தேடுவதில்லை. கப்பல் பட்டியல் ஒருவரைக் கூலியாகப் பதிகிறது. ஞானஸ்நானப் பதிவேடு அவரை ஒரு பிள்ளையின் தகப்பனாகப் பதிகிறது. இந்தப் பதிவேடுகளைக் கரையானும் ஈரமும் தின்னும் முன் பிரதி எடுத்துக் காப்பது நம் தலைமுறையின் கடமை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

குழந்தை ஞானஸ்நானம் உள்ள சபைக்கும் இல்லாத சபைக்கும் புலம்பெயர் வரலாற்றில் பெரிய வேறுபாடு உண்டு. பாப்டிஸ்ட் நம்பிக்கையின்படி விசுவாசிகள் சிலர் ஒன்றுகூடி உடன்படிக்கை செய்துகொண்டால் அதுவே சபை. பேராயர் அனுமதி வேண்டியதில்லை. லுத்தரன் ஒழுங்கில் அருட்சாதனங்களை வழக்கமாக நடத்துபவர் அபிஷேகம் பெற்ற ஐயரே. அதனால் தமிழ் லுத்தரன்கள் தொடக்கத்திலிருந்தே தாய்ச்சபையோடு கயிறு கட்டியே இருந்தார்கள். அந்தக் கயிறு ஒரே சமயத்தில் பலமாகவும் பாரமாகவும் இருந்தது.

போர் அறுத்த கயிறு

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. லைப்சிக் மிஷனரிகள் ஜெர்மானியர். பிரிட்டிஷ் இந்தியாவில் அவர்கள் எதிரிநாட்டுக் குடிகளானார்கள். பலர் காவலில் வைக்கப்பட்டனர். 1915–16இல் ‘கோல்கொண்டா’ கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டனர். சபைகளின் பொறுப்பு சுவீடன் திருச்சபை மிஷனின் கைக்கும் தமிழ் ஐயர்களின் கைக்கும் வந்தது. 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன் சொந்தப் பெயரில் அமைந்தது. 1921இல் சுவீடனைச் சேர்ந்த ஏர்ன்ஸ்ட் ஹேமன் அதன் முதல் பேராயரானார்.

சீயோன் தேவாலயம் எழுந்த 1924ஐ இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். தாய்ச்சபையே அந்நிய மிஷனின் கையிலிருந்து விடுபட்டு நிற்கப் பழகிய ஆண்டுகள் அவை. கோலாலம்பூர்ச் சபைக்கு லைப்சிக்கிலிருந்து பணம் வரும் வழி அடைபட்டிருந்தது. மறுபக்கம் பிரிட்டிஷ் மலாயாவில் இந்தியர் தொகை 1921இல் ஏறத்தாழ 4.7 லட்சம், 1931இல் 6.2 லட்சத்தைத் தாண்டியது. ஆட்கள் பெருகினார்கள்; வெளி ஆதரவு சுருங்கியது. இந்த இரண்டும் சந்தித்த இடத்தில் எழுந்த தேவாலயம் சீயோன். அதனால்தான் அதை மிஷன் கட்டடம் என்று சொல்வதை விடச் சபையாரின் கட்டடம் என்று சொல்வது வரலாற்றுக்கு நெருக்கமானது.

பாட்டும் வேதமும்

சபையைச் சபையாக வைத்திருந்தது எது? சட்டமும் சந்தாவும் மட்டுமென்றால் இரண்டாம் தலைமுறையிலேயே எல்லாம் மெதடிஸ்டோடு கலந்துபோயிருக்கும். வழிபாட்டு மொழிதான் பிரித்துக் காத்தது என்பது என் முடிவு. தமிழ் மொழி மட்டுமல்ல, குறிப்பிட்ட ஒரு தமிழ்.

லுத்தரன்களுக்கு வேதம் என்றால் யோகான் பிலிப் ஃபாபிரிசியுஸ் மொழிபெயர்த்த வேதம். புதிய ஏற்பாடு 1772இலும் முழு வேதாகமம் 1796இலும் அச்சாகின. 1871இல் பவர் ஐயரின் ஐக்கியத் திருத்தம் வந்து மற்றச் சபைகள் அதை ஏற்ற பின்னும் லுத்தரன்கள் பழையதை விடவில்லை. வசனத்தை ஒப்பிக்கும் பிள்ளை எந்தச் சபை என்பதைச் சொற்களை வைத்தே சொல்லிவிடலாம் என்ற நிலை இருந்தது. பாடல்களும் அப்படியே. ஆங்கிலிக்கன்களுக்குப் பாமாலை, எல்லாருக்கும் பொதுவாகக் கீர்த்தனை, லுத்தரன்களுக்கு ஞானப்பாட்டு. ஜெர்மன் மெட்டுக்குள் தமிழ்ச் சொற்களை அடுக்கிய பாட்டுகள் அவை. அளந்து அளந்து அடி வைக்கும் நடை. ஆர்கனோ ஆர்மோனியமோ துணை. அதே ஆராதனையில் சற்று நேரம் கழித்துத் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் மரபில் வந்த கீர்த்தனை ஒன்று ராகத்தோடு எழும்பும். ஜெர்மானியக் கோவில் இசையும் தஞ்சை இசையும் ஒரே ஞாயிறு காலையில், ஒரே வாயில் வருவது தரங்கம்பாடி மரபின் அடையாளம். அது பிரிக்பீல்ட்ஸுக்கும் வந்தது.

மரபோடு வந்த வேறொன்றையும் மூடி மறைக்கக் கூடாது. சாதி விஷயத்தில் லைப்சிக் மிஷனின் நிலை மற்ற மிஷன்களிலிருந்து வேறுபட்டது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று கட்டளையிட்டார். லைப்சிக்கின் இயக்குநராயிருந்த கார்ல் கிரவுல் சாதியைச் சமூக வழக்கமாகக் கண்டார். சபைக் கட்டளையால் அதை அடித்து உடைக்கலாகாது என்று வாதிட்டார். திருக்குறளை ஜெர்மனில் தந்த பெரும் தமிழறிஞர் கிரவுல். அவர் உழைப்பின் மேல் எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆனால் இந்த வாதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் தலித் கிறிஸ்தவர்கள். தமிழ்க் கிறிஸ்தவர் மலாயாவுக்கு வந்தபோது சாதி கப்பலிலிருந்து கடலில் விழுந்துவிடவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸும் தோட்ட லயமும் ஊர்த் தெரு அமைப்பைக் கலைத்தன என்பது உண்மை. கல்யாணப் பேச்சு எடுத்தால் அது இன்றும் திரும்பி வருகிறது என்பதும் உண்மை. சபை வரலாறு எழுதும்போது இரண்டையும் எழுத வேண்டும்.

தோட்டப்புறமும் இருண்ட ஆண்டுகளும்

பிரிக்பீல்ட்ஸ் நகரச் சபை என்றாலும் அதன் பாதி உயிர் தோட்டப்புறத்தில் இருந்தது. ரப்பர் விலை 1910இல் உச்சம் தொட்டது. 1907இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதியும் கங்காணி முறையும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுவந்து சேர்த்தன. சிலாங்கூர்த் தோட்டங்களில் ஐந்தும் பத்துமாகச் சிதறிக் கிடந்த குடும்பங்களைத் தேடி ஐயரும் உபதேசியாரும் போனார்கள். பால்மரம் வெட்டும் வேலை விடியலில் தொடங்கும். ஆராதனை வேலை முடிந்த பிறகுதான். தோட்டத்து ஆராதனைக்கு ஆலயம் கிடையாது. லயத்து வாசலோ பள்ளிக்கூடமோ போதும்.

1930இல் பொருளாதார மந்தம் ரப்பரை வீழ்த்தியது. பல்லாயிரம் பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938இல் இந்திய அரசு உதவிபெறும் குடியேற்றத்தைத் தடுத்தது. அதற்குப் பின் சபைக்கு ஊரிலிருந்து புது ஆள் வருவது குறைந்தது. பிறக்கும் பிள்ளைகளே சபையின் வளர்ச்சி. ஜப்பானியர் ஆண்ட 1942–45இல் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்–பர்மா மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். தோட்டம் தோட்டமாக ஆண்கள் காணாமல் போனார்கள். சமயம் பார்த்து யாரும் பிடிக்கப்படவில்லை. எல்லாக் கோயிலும் எல்லாச் சபையும் ஆட்களை இழந்தன. தாய்ச்சபையோடு கடிதப் போக்குவரத்துக்கும் வழியில்லாத அந்த ஆண்டுகளைச் சபையார் தாங்களே கடத்தினார்கள்.

தன்னாட்சி

1956இல் ராஜா பி. மாணிக்கம் தமிழ் லுத்தரன் சபையின் முதல் தமிழ்ப் பேராயரானார். தரங்கம்பாடிப் பேராயர் பீடத்தில் தமிழர் ஒருவர் அமர, சீகன்பால்கு வந்து 250 ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு மலாயா சுதந்திரம் பெற்றது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளின் பின்னணியில், 1960களின் தொடக்கத்தில் மலாயா லுத்தரன் சபை தரங்கம்பாடியிலிருந்து பிரிந்து தன்னாட்சி பெற்றது. சண்டையால் வந்த பிரிவல்ல. நாடு வேறாகிவிட்டது என்பதை இரு பக்கமும் ஒப்புக்கொண்ட பிரிவு.

தன்னாட்சியின் அவசியம் விரைவிலேயே தெரிந்தது. 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. சுமார் 60,000 இந்தியர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். நீலமோ சிவப்போ, அடையாள அட்டையின் நிறம் பார்த்து வாழ்க்கை பிரிந்த காலம் அது. வெளிநாட்டு மிஷனரிகள் 10 ஆண்டுக்கு மேல் தங்க முடியாது என்ற குடிநுழைவு விதியும் வந்தது. ஊரிலிருந்து ஐயரை வரவழைத்துக் காலம் முழுதும் வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு இனி நடக்காது. உள்ளூரில் போதகர்களைப் பயிற்றுவிக்க வேண்டும். 1979இல் மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கன்களும் லுத்தரன்களும் கூடி மலேசிய இறையியல் கல்லூரியைத் தொடங்கினார்கள். பின்னாளில் சிரம்பானுக்குப் போன அக்கல்லூரியில் தமிழிலும் இறையியல் கற்பிக்கப்படுகிறது. ஊரில் மூன்று மிஷன்களாகப் பிரிந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

பாப்டிஸ்டுகள் வந்த வழி

மலாயாவின் பாப்டிஸ்ட் சபைக் கதை வேறு மொழியில் தொடங்குகிறது. தென்சீனத்தின் சுவாத்தாவ் வட்டாரத்தில், தியோச்சூ மொழி பேசுவோரிடையே, அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் வேரூன்றியிருந்தது. அந்த வேலையே முதலில் பாங்காக்கில், 1830களில், புலம்பெயர்ந்த சீனரிடம் தொடங்கியது. 1930களின் இறுதியில் அலோர் ஸ்டார், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் தியோச்சூ பாப்டிஸ்டுகள் தாங்களே கூடினார்கள். 1949க்குப் பின் சீனாவை விட்டு வெளியேறிய அமெரிக்கத் தென்மாநில பாப்டிஸ்ட் மிஷனரிகள் இங்கே வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. 1953இல் மலாயா பாப்டிஸ்ட் மாநாடும் 1954இல் பினாங்கில் இறையியல் கல்லூரியும் அமைந்தன.

இந்த வரலாற்றுக்கும் சீயோன் வரலாற்றுக்கும் உள்ள ஒற்றுமை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தரங்கம்பாடியார் 1907இல் செய்ததைத்தான் சுவாத்தாவ்காரர் 30 ஆண்டு கழித்துச் செய்தார்கள். ஒரு குறிப்பிட்ட கடற்கரை, ஒரு குறிப்பிட்ட பேச்சு, ஒரு குறிப்பிட்ட சபை; அதோடு புலம்பெயர்ந்து, வந்த இடத்தில் தங்கள் ஆட்களைத் தேடிப் பிடித்துக் கூடினார்கள். மிஷனரி இரண்டிலும் பின்னால்தான் வருகிறார். மிஷனரி வந்த பின் ஏற்பட்ட வேறுபாடே பெரிது. அவசரகாலத்தில் வகுக்கப்பட்ட 1950இன் பிரிக்ஸ் திட்டம் ஏறத்தாழ 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனரை, புதுக்கிராமங்களில் குடியேற்றியது. சீனாவிலிருந்து வந்த மிஷனரிகளுக்குச் சீனமொழி தெரியும். அரசும் அவர்களைப் புதுக்கிராமங்களுக்கு வரவேற்றது. அமெரிக்க லுத்தரன்களும் இதே வாசல் வழியாகத்தான் மலாயாவுக்குள் வந்தார்கள். அதனால் மலேசியாவில் இன்று தமிழ் வேருள்ள லுத்தரன் சபை ஒன்றும் சீன வேருள்ள லுத்தரன் சபை ஒன்றும் தனித்தனியே இருக்கின்றன. கொள்கை ஒன்று, திருவிருந்து ஒன்று, மொழி இரண்டு.

பாப்டிஸ்டுகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழரிடம் வந்தபோது களம் காலியாக இல்லை. லுத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் தமிழ்ச் சபைகள் அரை நூற்றாண்டு பழையவை. மலேசிய பாப்டிஸ்ட் மாநாட்டில் தமிழ்ச் சபைகளும் உண்டு. ஆனால் ஊரிலிருந்து பரம்பரையாக வந்த பாப்டிஸ்ட் குடும்பங்கள் அவற்றுக்கு அடித்தளமாக இல்லை. இங்கேயே விசுவாசத்துக்கு வந்தவர்களைக் கொண்டே அவை கட்டப்பட வேண்டியிருந்தது. முழுக்கு ஞானஸ்நானம் என்ற பாப்டிஸ்ட் நடைமுறையும் மலேசியத் தமிழரிடம் பெரும்பாலும் பாப்டிஸ்ட் பெயரில் வரவில்லை. பெந்தெகொஸ்தே சபைகள் வழியாகவே அது பரவியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் மக்கள் நகர ஓரங்களுக்குத் தள்ளப்பட்ட ஆண்டுகளில், கடைவீட்டு மாடிகளில் அந்தச் சபைகள் முளைத்தன. ஊரும் லயமும் கோயிலும் ஒருசேரப் போன குடும்பங்களுக்குப் பதிவேடும் ஓலை வாசிப்பும் கொண்ட பழைய சபை தூரமாகத் தெரிந்தது. பக்கத்துக் கடை மாடியில் பெயர் சொல்லி ஜெபித்த சபை கிட்டத்தில் இருந்தது. பழைய சபைகள் இதை வெறும் ஆள் பிடிப்பு என்று குறை சொல்வதுண்டு. தோட்டம் அழிந்தபோது அந்த மக்களோடு யார் இருந்தார்கள் என்ற கேள்வியை அவை முதலில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மலேசிய இந்தியரில் கிறிஸ்தவர் 6 விழுக்காடு, முஸ்லிம்கள் 4.1 விழுக்காடு. சிறுபான்மைக்குள் சிறுபான்மை. பிரிக்பீல்ட்ஸும் பழைய ரயில்வே ஊர் அல்ல. 2001இல் கேஎல் சென்ட்ரல் திறந்தது. 2010இல் ஜாலான் துன் சம்பந்தன் ‘லிட்டில் இந்தியா’ ஆனது. குவார்ட்டர்ஸில் வாழ்ந்த குடும்பங்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் பூச்சோங்குக்கும் போய்விட்டன. தேவாலயம் இருந்த இடத்தில் இருக்கிறது. சபையார் காரில் வருகிறார்கள். நடந்து வரும் சபை காரில் வரும் சபையாக மாறும்போது இடைநாள் ஜெபக்கூட்டமும் துக்க வீட்டில் உடனே கூடும் வழக்கமும் மெலியும். கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய சபைகள் பலவற்றுக்கும் இதே நிலைதான்.

மொழியும் நகர்கிறது. 1970க்குப் பின் மலாய்மொழிப் பள்ளியில் படித்து வீட்டில் ஆங்கிலம் பேசும் தலைமுறைக்கு ஃபாபிரிசியுஸின் தமிழ் எட்டவில்லை. ஆங்கில ஆராதனை வைத்தால் இளையோர் தங்குகிறார்கள்; தமிழ் ஆராதனையில் நரை கூடுகிறது. மறுபக்கம் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகளும் இந்தியாவிலிருந்து அண்மையில் வேலைக்கு வந்த தமிழர்களும் தமிழ் ஆராதனைக்கே வருகிறார்கள். தமிழகத்துத் தமிழர் நாகப்பட்டினத்துக்குப் பதிலாகச் சென்னை விமான நிலையத்திலிருந்து வருகிறார். கையில் சபை ஐயரின் கடிதம் இருப்பதில்லை. கைப்பேசியில் தேடித் தமிழ் ஆராதனை எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு வருகிறார். இதற்கிடையில் தமிழர் தொடங்கிய இந்தத் திருச்சபை ஒராங் அஸ்லி மக்களிடையேயும் சபைகளைப் பெற்றிருக்கிறது. அவர்கள் பாடுவது மலாயிலும் தங்கள் சொந்த மொழியிலும். திருச்சபையின் பொதுப் பேரவையில் யார் எந்த மொழியில் பேசுவது, யாருக்கு மொழிபெயர்ப்பது என்பது இனி அவர்களையும் சேர்த்தே முடிவாக வேண்டிய காரியம்.